இரண்டு பின்னலா, மூன்றா

பெங்களூர் மர்பி டவுனிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு வீட்டு மாடியில் எங்கள் மதரஸா நடந்தது. பெண்களுக்கு மட்டும். தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு அப்படியோர் இடம் கிடைத்ததே பெரிது. பாடக் கிதாபு அரபியில் இருக்கும், ஆபா என்று நாங்கள் கூப்பிட்ட ஆசிரியை உருதுவில் விளக்குவார், எனக்குத் தமிழில் சொன்னால்தான் ஏறும். நான் முழிக்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து காதில் தமிழாக்கிச் சொன்னவள் என் சிநேகிதி. வாணியம்பாடிப் பக்கத்துக் குடும்பம். வீட்டில் உருது, தெருவில் தமிழ், கடையில் கன்னடம். நாங்கள் கீழக்கரைப் பக்கம். மார்க்கச் சட்டத்தில் அவர்கள் ஹனபி மத்ஹப், நாங்கள் ஷாபி. மல்லுக்கு நிற்க எங்களுக்கு வேறு காரணமே தேவைப்படவில்லை.

ஜனாஸா பாடம் வந்தபோது, இறந்த பெண்ணைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றும் முறையைச் செய்துகாட்டச் சொன்னார் ஆபா. மையித்தாக, அதாவது இறந்த உடலாக, படுத்தது அவள்தான். முழங்கால்வரை கூந்தல். பின்னிக் காட்ட வசதி என்று எல்லோரும் அவளைத் தள்ளிவிட்டார்கள். நான் கூந்தலை மூன்றாகப் பிரித்தேன். எங்கள் வழக்கம் மூன்று பின்னல், முதுகுப்பக்கம். மையித் கண்ணைத் திறந்தது.

"ஏய், ரெண்டுடீ. ரெண்டாப் பின்னி நெஞ்சு மேல போடணும்."

"நபியோட மகளுக்கு மூணுதான் போட்டாங்க. ஹதீஸ் இருக்கு."

"அது குளிப்பாட்டின பொம்பளைங்க அவங்களா செஞ்சது. நபி சொன்னாங்கன்னு இருக்கா?"

மையித் வாதம் பண்ணாது, பேசாமல் படு என்று ஆபா உருதுவில் அதட்டினார். மாடியே சிரித்தது. இரண்டுக்கும் ஆதாரம் உண்டு, இமாம்களே ஒருவரையொருவர் மதித்தார்கள், உங்களுக்கு என்ன வந்தது என்றும் கேட்டார். அவள் விடுவாளா? படி இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் மவுத்தானா நீதான் குளிப்பாட்டணும். ரெண்டே போடு. மூணு போட்டியோ, எழுந்து உக்காந்துடுவேன்."

சரி என்றேன். அந்த வயதில் எதற்குத்தான் சரி சொல்லமாட்டோம்.

சில வருடங்களில் அவளுக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது ஒன்றும் பேசாமல் இரண்டு விரலைக் காட்டிச் சிரித்தாள். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. வாயை மூடு என்றேன், அவள் வாயே திறக்காதபோது. துப்பட்டாவை நெற்றிவரை இறுக்கிக் கட்டியிருந்தாள். பெண்கள் மட்டும் இருந்த அறையிலும் அவிழ்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அவள் போனதும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். பையில் ஒரு சீப்பு எடுத்துக்கொண்டு போனேன். ஆட்டோவில் அல்சூர் ஏரியைத் தாண்டும்போதே முடிவு பண்ணிவிட்டேன், மூன்றுதான் போடப்போகிறேன். எழுந்து உட்காரட்டும். எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டட்டும். எனக்கு அதுதான் வேண்டும்.

இலந்தை இலை போட்ட தண்ணீர் தயாராக இருந்தது. துப்பட்டாவை அவிழ்த்தேன்.

ஒரு முடிகூட இல்லை.

படித்தது எதுவும் மறக்கவில்லை, கை தானாகச் செய்தது. தலைக்கு ஊற்றிய தண்ணீர் எதிலும் சிக்காமல் ஓடியது. வலப்பக்கம், இடப்பக்கம், கடைசியாகக் கற்பூரத் தண்ணீர். அழுதுகொண்டேதான் ஊற்றினேன். இரண்டா மூன்றா என்று யாரும் கேட்கவில்லை. சீப்பு பைக்குள்ளேயே கிடந்தது. ஐந்து துணியையும் சுற்றி முடிக்கும்வரை அவள் சண்டைக்கு வரவேயில்லை.