பத்து வயது அளவு

எல்லா உடம்பும் அழகுதான் என்று நெஞ்சில் அச்சடித்த பனியன்களை இப்போது என் தாய்மாமாவின் கம்பெனி கப்பலேற்றுகிறது. ஆசையாக ஒன்று கேட்டேன். என் அளவு அந்த ஆர்டரிலேயே இல்லையாம். எனக்கு இது புதிதல்ல.

எனக்குப் பத்து வயதானபோது மாமா மண்ணரை என்ற ஊரில் எட்டுத் தையல் மெஷின் போட்டிருந்தார். முதல் ஏற்றுமதி ஆர்டர், குழந்தைகள் பனியன். பத்து வயது அளவில் தைத்த ஒரே சாம்பிளை ஒரு பிள்ளைக்குப் போட்டுக் காட்டினால்தான் ஆர்டர் என்று சொல்லிவிட்டார், வெளிநாட்டுக் கடைகளுக்காகச் சரக்குப் பார்த்து வாங்கும் பையிங் ஆபீஸ்காரர். மாமா என் வயதை மட்டும் நினைத்துக்கொண்டு என்னைக் கூட்டிப் போனார். வயதைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் நான் பத்தைத் தாண்டியிருந்தேன்.

ஆபீஸ்காரர் வரப் பத்து நிமிடம்தான் இருந்தது. பனியன் தோளோடு நின்றுவிட்டது. கைகள் மேலே, முகம் துணிக்குள்.

"மூச்ச இழுத்துப் புடி கண்ணு. அழுதுபோடாத சாமி, சாம்பிள் நனைஞ்சிரும்."

"இழுக்காதீய மொதலாளி, தையல் விட்டுரும்." தெற்கேயிருந்து வந்து எங்களிடம் தைத்துக்கொண்டிருந்த அக்காவின் குரல் அது.

டக்கென்று ஏதோ அறுந்தது. நல்லவேளை, என் பாசிமணி. அந்த அக்காதான் அங்குலம் அங்குலமாக என்னை உரித்தெடுத்தார்.

அடுத்து, அவருடைய மகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். கொடியில் காயப்போட்டதுபோலத் தொங்கியது. முதுகுப் பக்கம் மடித்து நான்கு ஊக்குகளைக் குத்தினார்கள்.

"ஏட்டி, என்ன ஆனாலும் திரும்பாத," என்றார் அக்கா.

என்னைத் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்கள், ஓரளவுக்கு ஒளிந்தேன். வந்தவர் கழுத்தைப் பார்த்தார், தோளைப் பார்த்தார்.

"ரெண்டு கையையும் தூக்கும்மா."

தூக்கினாள். ஓர் ஊக்கு திறந்துகொண்டு அவள் முதுகில் இறங்கியது எனக்கு மட்டும் தெரிந்தது. கத்தட்டும் என்று காத்திருந்தேன். நல்ல பிள்ளை என்று என்னை யாரும் சொன்னதில்லை. அவளோ சிரித்தாள்.

"பர்ஃபெக்ட்," என்று கையெழுத்துப் போட்டார் அவர்.

"அளவெடுத்துச் செஞ்சாப்ல இருக்குதுங்க பாப்பா," என்று மாமா பூரித்தார்.

எனக்கு வயிறெரிந்தது. எத்தனாவது படிக்கிறாய் என்று அவளைக் கேட்டேன். "ஏழாப்பு," என்றாள். நான் ஐந்தாவது. என்னைவிட மூத்தவள், என்னில் பாதி! வெட்கத்தை விட்டு, அவள் காதோடு கேட்டேன்:

"நீ என்னதான் சாப்புடுவே?"

"இருந்தா, சோறு."

ரகசியத்தைச் சொல்ல மனமில்லாமல் மழுப்புகிறாள் என்று நினைத்து, வெகுநாள் அவளோடு நான் பேசவில்லை.