மேல்நோக்கிய அம்பு

நான் உயர்தரம் படித்த காலத்தில் எங்கள் பாடசாலையில் ஒரு விஞ்ஞானக் கண்காட்சி வைத்தார்கள். கொரோனாவுக்காக மூடிய பாடசாலைகள் திறந்த பிறகு நடந்த முதல் பெரிய நிகழ்ச்சி அதுதான். இரத்தோட்டை, அலுவிகாரைப் பக்கத்துப் பாடசாலைகளோடு லக்கலயிலிருந்து சிங்களப் பிள்ளைகளும் வருவதாக இருந்தது. மேடை, ஒலிபெருக்கி, வரவேற்பு, சாப்பாடு என்று குழு பிரித்து முடிந்தபோது, எதிலும் பெயர் வராமல் மூன்று பேர் மிஞ்சியிருந்தோம். பொறுப்பான சேர் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி, நீங்க மூணு பேரும் வழிகாட்டிப் பலகை போடுங்க" என்றார்.

மிஞ்சிப்போனவர்களுக்கு மிஞ்சிப்போன வேலை என்றுதான் எங்களுக்குத் தோன்றியது. ஆனால் எங்கள் பாடசாலையைத் தெரிந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். சரிவில் கட்டிய பாடசாலை அது. ரோட்டிலிருந்து கேற்றுக்குள் நுழைந்தால் நிற்பது நடு மாடியில். பாதி வகுப்புகள் கீழே, பாதி மேலே. ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் நாளே நான் வகுப்பைத் தேடி அலைந்து, கடைசியில் கன்டீனுக்குப் பின்னால் நின்று அழுதிருக்கிறேன்.

மூன்று பேரில் ஒருத்தி என் பக்கத்து மேசைக்காரி. அவளுடைய வாப்பாவுக்கு டவுனில் ஏலம், சாதிக்காய் வாங்கி விற்கும் கடை. எழுத்து என்றால் அவள்தான். பாடசாலையின் வாழ்த்து மடல்கள் எல்லாம் அவள் கையால் எழுதியவை. இன்னொருவன் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வருபவன். அதிகம் பேசமாட்டான். பாடசாலை விட்டதும் அவனுடைய பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவான். அதனால் பிரிஸ்டல் போட் அட்டை வெட்டுவதையும் அம்புக்குறி செய்வதையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்தான். எனக்குச் சிங்களம் சரளமாக வரும் என்பதால் சிங்கள எழுத்து என் பங்கு. பேசுவதற்குத்தான் சரளம், எழுதுவதற்கு இல்லை என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

முதல் நான்கு பலகைகளை அவள் எழுதிக் காட்டியபோது நான் வாயைப் பிளந்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் வால், வாலுக்கு ஒரு சுருள், சுருளுக்குப் பக்கத்தில் ஒரு பூ. அவன் மட்டும் பத்தடி பின்னால் போய் நின்று கண்ணைச் சுருக்கினான்.

"இங்கருந்து வாசிக்க ஏலாது."

"உனக்குக் கண்ணாடி வேணும் போல," என்றாள் அவள்.

"எனக்குக் கண் நல்லாத்தான் இருக்கு. கூட்டத்துல பூவ யாரு பாப்பாங்க? பெருசா, வெறுமனே எழுதுங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த அம்பையும் மேல பாத்து ஒட்டாதீங்க. மாடிக்குப் போகச் சொல்ற மாதிரி இருக்கு," என்றான்.

நேராகப் போ என்பதற்கு உலகம் முழுக்க மேல்நோக்கிய அம்புதான் என்று நான் வாதாடினேன். அவள் பேனையை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்வாள். அவன் ஓரடி தள்ளி அதைக் கேட்டுக்கொண்டு நிற்பான்.

மூன்றாம் நாள் அவள் சாப்பாட்டுப் பார்சலை வீட்டில் மறந்துவிட்டாள். அவளுடைய வாப்பா அதைக் கொண்டுவந்தார். நாங்கள் ஆய்வுகூடத்தில் இருப்பதாகக் கேற்றில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பாதையில்தான் எங்கள் பலகைகளைச் சோதனைக்காக ஒட்டியிருந்தோம். ஆய்வுகூடம் அதே மாடியில், நேரே, தாழ்வாரத்தின் முடிவில். கதவருகே நின்ற எங்களுக்கு அவர் வருவது தெரிந்தது. பலகைக்கு முன்னால் நின்றார். மூக்கு முட்டும் வரை கிட்டப் போய் வாசித்தார். அம்பைப் பார்த்தார். பிறகு பக்கத்துப் படியில் ஏறத் தொடங்கினார்.

கூப்பிட வாயெடுத்த என் கையை அவள் பிடித்தாள். "பொறு," என்றாள்.

மேலே பத்தாம் வகுப்பில் எட்டிப் பார்த்து, அடுத்த வகுப்பிலும் எட்டிப் பார்த்து, கடைசியில் அதிபரின் அறை வாசலில் பார்சலோடு நின்றிருக்கிறார். அதிபரே அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"மகள், போர்ட் நல்ல வடிவா இருக்கு. ஆனா என்ன எழுதியிருக்குன்னுதான் விளங்கல்ல," என்றார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு. அவள் பார்சலை வாங்கிக்கொண்டாள்.

அவர் போனதும் அவள் நான்கு பலகைகளையும் கழற்றி, திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் தடித்த மார்க்கரால் பெரிதாக எழுதத் தொடங்கினாள். வால் இல்லை, பூ இல்லை. நிமிராமலே, "எவ்வளவு பெருசு வேணும்?" என்று கேட்டாள். இரண்டு நாளில் அவள் அவனிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி. அவன் உள்ளங்கையை விரித்துப் பலகை மேல் வைத்தான். "இவ்வளவு." அவள் அந்தக் கையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டாள்.

அம்புக்கு வழி சொன்னதும் அவன்தான். மாடிக்குப் போக வேண்டிய இடத்தில் அம்புக்குக் கீழே மூன்று படி போடுவோம், படி இல்லாவிட்டால் நேரே என்றான். மறுநாள் சிவப்புத் தாளில் வெட்டிய படிகளை ஒரு பழைய கொப்பிக்குள் நசுங்காமல் வைத்துக் கொண்டுவந்தான்.

கண்காட்சி அன்று காலையில் மழை. பலகைகளுக்குப் பொலித்தீன் சுற்றியிருந்ததால் தப்பின. லக்கல பஸ் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. விடியற்காலையில் புறப்பட்ட பிள்ளைகள் இறங்கியதும் தேடியது ரொக்கட்டையோ எரிமலையையோ அல்ல, கழிவறையை. எல்லாவற்றுக்கும் பலகை போட்ட நாங்கள் அதற்கு மட்டும் போடவில்லை! அவன் ஓடிப்போய்ப் படிச்சந்தியில் கையை நீட்டிக்கொண்டு அம்பாகவே நின்றான். அவள் ஒரு காட்போட்டில் தமிழில் எழுத, நான் அவசரத்தில் சிங்களத்தில் எழுதி ஒட்டினேன். அந்தப் பிள்ளைகளோடு வந்த மிஸ் பலகையைப் பார்த்துச் சிரித்தார். என் கையிலிருந்த பேனையை வாங்கி, விடுபட்ட ஒரு கொம்பைப் போட்டு, "தென் ஹரி," இப்போது சரி என்று தோளில் தட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

நன்றியுரையில் ஒலிபெருக்கிக்கு நன்றி, தேத்தண்ணி ஊற்றியவர்களுக்கு நன்றி. எங்களை யாரும் சொல்லவில்லை. அவள் முகம் தொங்கிப்போனது. நாங்கள் பலகைகளைக் கழற்றத் தொடங்கினோம். ஐந்தாறு கழற்றியிருப்போம், அதற்குள் ஆட்கள் வந்து எங்களிடம் வழி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கேற் எந்தப் பக்கம், பைகளை வைத்த வகுப்பு எங்கே, மண்டபம் எங்கே. அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான், அவன் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். கழற்றிய பலகைகளை மறுபடி ஒட்டிவிட்டுப் படியில் உட்கார்ந்து, மிச்சமிருந்த, மீன் அடைத்த மாலு பணிஸை மூன்றாகப் பிய்த்துச் சாப்பிட்டோம். கடைசி ஆள் போகும்வரை இருந்தோம். அவனுடைய பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வரும்வரை நாங்கள் இருவரும் அவனோடு ஸ்டாண்டில் நின்றோம்.