ஸ்லைடில் ஒரே ஒரு வரி

அரசு மருத்துவமனை டாக்டர் வேலையை விட்டுவிட்டு மருந்து கம்பெனியில் மருத்துவ ஆலோசகராகச் சேர்ந்த பிறகு நான் நோயாளிகளைப் பார்ப்பதில்லை. டாக்டர்களைத்தான் பார்க்கிறேன். எங்கள் மருந்து உடம்பில் என்ன செய்யும், யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று அவர்களுக்கு விளக்குவது என் வேலை. விற்பது என் வேலை இல்லை என்று கேட்பவர்களிடம் சொல்வேன். கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

எங்களுடையது இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோய்க்கான மாத்திரை. இரத்தத்தில் மிஞ்சும் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். உண்மையிலேயே நல்ல மருந்து. ஆனால் சிலருக்கு அந்தச் சர்க்கரையால் மறைவிடத்தில் பூஞ்சை பிடித்து அரிப்பும் புண்ணும் வரும். டாக்டர்களுக்குக் காட்டும் என் ஸ்லைடில் அது ஒரே ஒரு வரி. "பெரும்பாலும் லேசானது, எளிதில் குணமாகும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன்.

அண்ணன் கடலுக்கு அந்தப் பக்கம், நிபோங் திபாலில் இருக்கிறார். பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். கிளினிக்கில் இந்த மாத்திரையை எழுதிக்கொடுத்த அன்று எனக்குப் போன் செய்தார்.

"உன் கம்பெனி மருந்துலா! என் தங்கச்சி அங்கதான் வேலைன்னு டாக்டர்கிட்ட சொன்னேன்."

குரலில் அத்தனை பெருமை. நான் ஒரு கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "நல்ல மருந்துண்ணே, தைரியமா சாப்பிடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில் அண்ணி கூப்பிட்டார்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா. உங்க அண்ணனுக்கு வெளிய ஏதோ பழக்கம் இருக்கு போல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனாவது, பழக்கமாவது! அண்ணி சிரிக்கவில்லை.

"கிட்டயே வர்றதில்ல. ஹால்லதான் படுக்குறாரு. துணிய அவரே துவைச்சுக்குறாரு. நேத்து காடிக்குள்ள, சீட்டுக்கு அடியில ஏதோ கிரீம் ஒளிச்சு வச்சிருந்தாரு. கேட்டா கத்துறாரு. கெட்ட நோவு எதையாச்சும் வாங்கிட்டு வந்துட்டாரோன்னு பயமா இருக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் ஸ்லைடில் இருக்கும் வரியைத்தான் அண்ணி சொல்லிக்கொண்டிருந்தார்.

பாயான் பாருவில் என் வீட்டிலிருந்து கிளம்பி, கடல்மேல் போகும் இரண்டாவது பாலத்தைத் தாண்டிப் போகும்வரை, அண்ணனிடம் இதை எப்படிக் கேட்பது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். ஹோட்டல் அரங்கில் அத்தனை டாக்டர்கள் முன்னால் கூச்சமில்லாமல் பேசுகிறவள் நான். தமிழில், சொந்த அண்ணனிடம், ஒரு சொல்கூட வரவில்லை.

அவர் தொலைக்காட்சியில் பந்து விளையாட்டு பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அண்ணே, அந்த மாத்திரை ஆரம்பிச்சதுலேருந்து கீழ அரிப்பு, புண்ணு ஏதாச்சும் இருக்கா?"

அவர் முகம் கறுத்துவிட்டது. "யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. அந்த மாத்திரைக்குச் சிலருக்கு அப்படி வரும்."

ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். பிறகு கேட்டார்: "அப்ப உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்ணே."

"மருந்தா இருக்குமோன்னு எனக்கும் ஒரு தடவை தோணுச்சு. அப்படி இருந்தா தங்கச்சி சொல்லியிருக்குமேன்னு விட்டுட்டேன். எனக்குத்தான் ஏதோ அசிங்கமான நோவு வந்துட்டதுன்னு நெனச்சேன்லா."

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்ட அண்ணி வெளியே வந்து, "கட்டின பொண்டாட்டிகிட்ட சொல்ல முடியலையா உங்களுக்கு?" என்று அழுதார். அவரைச் சந்தேகப்பட்டதற்கும் சேர்த்துத்தான் அழுதார் என்று நினைக்கிறேன்.

அன்றே கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். டாக்டர் இளம்பெண். என் கூட்டம் ஒன்றுக்கு வந்திருக்கிறார். அண்ணனைப் பரிசோதித்து, வேறு மாத்திரையும் களிம்பும் எழுதிக்கொடுத்த பிறகு என்னிடம் தணிந்த குரலில், "நானும் அவர்கிட்ட கேக்கல டாக்டர்" என்றார். அந்த 'நானும்' என்னைச் சுட்டது.

திரும்பும் வழியில் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. பக்கவிளைவு எதுவும் எங்கள் காதுக்கு வந்தால், சொந்தக்காரராகவே இருந்தாலும், கம்பெனிக்குத் தெரிவித்தாக வேண்டும்.

"பேரு போட மாட்டேன்ணே."

"சொல்லித்தான் ஆகணுமா?"

"ஆமாண்ணே."

அவர் கார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அலுவலகத்தில், பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் சக ஊழியர் போனில் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். நோயாளி வேலைக்குப் போகாமல் இருந்தாரா? இல்லை. மருத்துவமனையில் சேர்த்தார்களா? இல்லை. "அப்போ லேசானதுதானே?" விதிப்படி அது லேசானதுதான். ஒரு மனிதர் தன் வீட்டு ஹாலில் தனியாகப் படுத்துக்கிடந்ததைப் பற்றிக் கேள்வி எதுவும் இல்லை. நானும் அதைச் சொல்லவில்லை. "ஆமாம்" என்றேன். போனை வைத்த பிறகு யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் கழிப்பறையில் போய் நின்றேன்.

இப்போது கூட்டங்களில் அந்த வரி வந்ததும் நிறுத்தி, நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், அடுத்த முறை வரும்போது நீங்களே கேளுங்கள் என்கிறேன். சிலர் எழுதிக்கொள்கிறார்கள். சிலர் நமுட்டுச் சிரிப்புச் சிரிக்கிறார்கள்.

அண்ணனுக்குக் குணமாகிவிட்டது. தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார், என் கணவரோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். புது மாத்திரைப் பெட்டியிலிருக்கும் காகிதத்தை மருந்துக்கடைப் பெண்ணிடம் கொடுத்து முழுவதும் படித்துச் சொல்லச் சொன்னார் என்று அண்ணிதான் சொன்னார். என்னிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை.