கண்ணாடி இல்லாத லிங்கன்

மேலகரத்து ஆவுடைநாயகம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபிரகாம் லிங்கனும் வாலிபத்தில் நிலம் அளந்தவர்தான் என்று எங்கேயோ படித்த நாள்முதல் அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. உள்நாட்டுப் போரை நடத்திய அந்த அமெரிக்க ஜனாதிபதியின் தபால்தலை, தேர்தலில் சட்டையில் குத்திய வில்லை, அவர் சாவுக்கு ஜனங்கள் அணிந்த துக்க நாடா என்று பீரோ நிறையச் சேர்த்துவிட்டார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கல்லச்சுப் படம், லிங்கன் உயிரோடிருந்த காலத்தில் அச்சானது. கொச்சியில் பழம்பொருள் விற்கும் முகம்மது ரபீக்கைப் பதினோரு வருஷம் நச்சரித்து வாங்கியது.

மனைவி இராமலட்சுமி அந்தத் தாடிக்காரரை மதித்ததே இல்லை. சரஸ்வதி பூஜை வந்தால் சாமி படம், மாமனார் படம், கிரைண்டர், அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பாள். லிங்கனை மட்டும் தாண்டிப் போய்விடுவாள்.

"இவரு நமக்கு என்ன முறை, பொட்டு வைக்கதுக்கு?"

இந்த வருஷமும் காலையிலேயே சண்டை. "அருவாமணைக்கு இருக்க மரியாத இந்த மனுசனுக்கு இல்லையாக்கும்!" என்று கத்திவிட்டு, வைத்த இட்லியைத் தொடாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தென்காசிக்கு வந்துவிட்டார். அறுபத்திரண்டு வயதுக்கு அது கொஞ்சம் அதிகமான கோபம்தான்.

பையில் படத்தின் கண்ணாடி இருந்தது. சாரல் ஈரத்தில் காகிதத்தின் ஒரு மூலை கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. அன்று விடியற்காலையில்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைப் பிரித்தெடுத்தார். இடையில் அட்டை கொடுத்து மாட்டினால் இனி ஒட்டாது.

பிரேம் கடை சேக் மைதீன் அளவெடுத்துக்கொண்டே கேட்டார். "கண்ணாடி இங்கன இருக்கு. படத்த எங்கன வச்சிருக்கிய அண்ணாச்சி?"

"காத்தாடட்டும்னு பிரேமோட சொவத்துல மாட்டிருக்கேன்."

சொல்லும்போதுதான் உறைத்தது. கண்ணாடி எடுத்தது இராமலட்சுமிக்குத் தெரியாது. சண்டைக்குப் பிறகு அவள் மனசு இளகியிருந்தால்? கண்ணாடிமேல் வைத்த பொட்டைத் துடைத்துவிடலாம். நூற்றறுபது வருஷத்துக் காகிதத்தில் ஈரச் சந்தனம் பட்டால் அவ்வளவுதான்.

போன் போட்டார். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார். எப்படி எடுப்பாள்? போனுக்கும் பொட்டு வைத்துப் பூஜையில் வைத்திருப்பாள். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடமாட்டாள்.

கண்ணாடியை அங்கேயே போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார். லீவு நாள் என்பதால் குற்றாலம் ரோடெல்லாம் அருவிக்குப் போகிற வேன்கள். ஒன்றை முந்தினால் இன்னொன்று மறித்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத்தான் செய்திருந்தார். இளகு இளகு என்று இத்தனை வருஷம் மல்லுக்கட்டிய மனசிடம், இளகிவிடாதே தாயி என்று வழியெல்லாம் கெஞ்சினார்.

வீட்டுக்குள் சாம்பிராணிப் புகை. சுவரில் லிங்கன் நெற்றி நிறையச் சந்தனத்தோடு இருந்தார். நடுவில் குங்குமம். ஈரம் காகிதத்தில் ஊறி, சிவப்பு புருவம்வரை இறங்கியிருந்தது. இனித் துடைத்தால் நெற்றியே பிய்ந்து வந்துவிடும்.

சந்தனக் கிண்ணத்தோடு நின்ற இராமலட்சுமியின் கண் வீங்கியிருந்தது.

"வச்சிட்டேன், போதுமா? நல்ல நாளும் அதுவுமா பட்டினியா போனியள்லா, மனசு கேக்கல. மாமா படத்துக்கு வச்ச கையோட இவருக்கும் வச்சேன்."

அவருக்குக் கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. பதினோரு வருஷக் காத்திருப்பு கண்ணெதிரே நனைந்துகொண்டிருந்தது.

அவள் படத்தின் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தாள். முகம் மாறியது. "ஏங்க, இதுல கண்ணாடி இல்லயா?"

"கண்ணாடி எதுக்கு? பொட்டு நல்லா தெரியுதுல்லா," என்றார் ஆவுடைநாயகம். குரல் உடையாமல் பார்த்துக்கொண்டார். "பசிக்கி. இலையப் போடு."

அவள் இலை போட்டாள். அவர் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார்.