பிரிந்து வாழ்வதாக எழுதிய வருஷம்

என் கணவருக்குத் தன் மூளை மேல் அபார நம்பிக்கை. கலும்பாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அவர் சின்ன கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. நான் அசாம் ஜாவா பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியும் ஒரே தோட்டத்தில் இரண்டு பேருக்கும் வேலை கிடைக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் பஸ் மாறி மாறி என்னிடம் வருவார். ஞாயிறு பூசை முடிந்ததும் கிளம்பிவிடுவார். வெள்ளைக்காரன் ஆட்சியில் காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம் அது. வழியில் நாலு இடத்தில் இறக்கிவைத்துச் சோதனை போடுவார்கள்.

அந்த வருஷம் வருமான வரிக்குப் பூர்த்தி செய்யும் பாரம் வந்தது. சேர்ந்து வாழ்கிற மனைவியின் சம்பளம் கணவன் சம்பளத்தோடு சேர்ந்து, வரி அவர் பெயரில் விழும். நான் சீழ் துடைத்துச் சம்பாதித்தது அவருடைய வருமானமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரிந்து வாழ்ந்தால் தனித்தனிக் கணக்கு. அப்படிப் பார்த்தால் இரண்டு பேருமே வரிக்கு எட்டமாட்டோம்.

"நெசமாவே நம்ப தனித்தனியாத்தானே இருக்கோம். பிரிஞ்சுன்னே எழுதிப்புடுறேன் லா," என்றார்.

"பிரிஞ்சுன்னா அவங்க நெனைக்கிறது வேறங்க."

"அவன் என்னா நெனச்சா நமக்கென்னா? யாராச்சும் விசாரிக்க வந்தா மட்டும் ஒளறிடாத. அவரு வர்றதில்ல, ஒண்ணும் குடுக்கிறதில்லன்னு ஒரே பேச்சா சொல்லிடு."

சரியென்றேன். என் சம்பளம் என் பெயரில் நிற்கும் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, அதை மறைக்கமாட்டேன். அவரே வரி அதிகாரி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்டார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பதில் சொன்னேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பாரம் போய் ஒரு மாதத்தில் எனக்கு மசக்கை கடுமையாகிவிட்டது. மூன்றாவது மாதம். சோற்றைக் கண்டாலே குமட்டியது, பால் மட்டும்தான் உள்ளே இறங்கியது. இதை அவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போகக் கூடாதென்று அப்போது தோட்டத்திலிருந்து ஒரு பிடி அரிசிகூட வெளியே கொண்டுபோக முடியாது. பால் டின்னையே கடைக்காரர் ஓட்டை போட்டுத்தான் விற்பார், யாரும் சேர்த்துவைக்க முடியாதபடி.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. தோட்டக் காவலுக்கு அவர் முறை வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரிக்கு ஒருவர் வந்தார். தமிழர்தான். வெள்ளைச் சட்டை, கையில் ஃபைல், பேச்சில் நல்ல மரியாதை. மருந்து அறையில் என்னை உட்காரச் சொல்லி, தானும் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"உங்க வீட்டுக்காரரும் நீங்களும் ஒண்ணாத்தான் இருக்கீங்களாம்மா?"

எனக்குள் ஒரு துள்ளல். பாடம் பண்ணியதைக் கேட்டுவிட்டார்கள்!

"இல்லீங்க. பிரிஞ்சுதான் இருக்கோம்."

"இங்க வந்து போறதுண்டா?"

"ஒரு வருஷமாச்சு, இந்தப் பக்கமே காலெடுத்து வெக்கல."

"சாமான் கீமான் ஏதாச்சும் கொண்டாந்து குடுப்பாரா?"

"அவரு எங்கங்க குடுக்கிறாரு? எல்லாம் என் சம்பளத்துலதான்."

எழுதி நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். அவர் மை காய ஊதிவிட்டு ஃபைலை மூடினார்.

"அப்ப, ஓட்டை போடாத பால் டின் ரெண்டை யாருக்குக் கொண்டு போனாருன்னு இனிமே அவருதான் சொல்லணும். ராசா டவுன்ல பஸ்ஸ நிறுத்திப் புடிச்சப்ப உங்களுக்குன்னு சொன்னாரு."

எனக்குத்தான், வாராவாரம் வருவார், வயிற்றில் அவர் பிள்ளைதான், வரிக்காகத்தான் அப்படிச் சொன்னோம் என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை.

"வரிக்காக ஒரு பொய் சொன்னீங்க. இப்ப புருஷனுக்காக ஒண்ணு சொல்றீங்க. நான் எதம்மா எழுதிக்கிறது?"

அதற்குப் பிறகு எந்த ஸ்டேஷனிலும் என் பேச்சு எடுபடவில்லை. என் கணவர் வாராவாரம் வருவதை எங்கள் வாசல் காவலர் சொல்லிப் பார்த்தார். மனைவியே கையெழுத்துப் போட்டிருக்கும்போது காவலர் சொல்வதை யார் கேட்பார்கள்? வரி பாரத்திலும் கணவர் கையாலேயே பிரிந்து என்று எழுதியிருந்தது. வழக்கு, கோர்ட்டு எதுவும் இல்லை. முள்கம்பி போட்ட தடுப்பு முகாமில் அவரை அடைத்தார்கள். ஆஸ்பத்திரியில் சிலர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். ஒரு வருஷமாகக் கணவன் வரவில்லை என்று சொன்னவள் நான்தானே.

பதினாலு மாதம் கழித்து விட்டார்கள். மகளுக்கு அப்போது எட்டு மாதம். தூக்கப்போனவரைப் பார்த்து வீறிட்டாள். அவர் கையை இழுத்துக்கொண்டார். அவருக்கு முன்பக்கத்துப் பற்கள் இரண்டு இல்லை. எப்படிப் போயின என்று அவர் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. கிராணி வேலையும் போய்விட்டது.

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. வந்து நாலைந்து நாள் கழித்துச் சாப்பிடும்போது மட்டும் கேட்டார்:

"வந்தவன் யாருன்னு நீ கேக்கவே இல்லியா?"

கேட்கவில்லை. காக்கிச் சட்டையாக இருந்திருந்தால் பயந்து உண்மையைச் சொல்லியிருப்பேன். வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும் பணத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன். இதை அவரிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். போதுமென்று கையால் மறைத்தார்.