ஏற்காடு டிக்கெட்டில் ஓர் இடைவெளி

ஜெயித்துவிட்டேன்! சாட்சிக்கு இன்று காலை மாரமங்கலம் பஸ்ஸில் வாங்கிய டிக்கெட் கையில் இருக்கிறது.

டிக்கெட் மெஷினுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனியில் எனக்கு வேலை. இரண்டு ஊர்ப் பெயர்களுக்கு நடுவே இடைவெளி விட 20 என்ற குறியீட்டை அனுப்ப வேண்டும் என்று எங்கள் தொழில்நுட்பக் குறிப்பில் இருந்தது. அது பதினாறு பதினாறாக எண்ணும் ஹெக்ஸ் கணக்கு. சாதாரணக் கணக்கில் 32.

"U+0020 என்று எழுதுங்கள். முன்னால் U+ இருந்தால்தான் ஹெக்ஸ் என்று தெரியும். மொட்டையாக விட்டால் யாராவது இருபது என்று படிப்பார்கள்" என்று கத்தினேன்.

"அதெல்லாம் எல்லாருக்கும் தெரியும்ங்க" என்றார் சீனியர்.

மென்பொருள் எழுதியவர்களில் யாரோ ஒருவர் இருபது என்றே படித்தார். இருபதாம் குறியீட்டுக்கு எழுத்து எதுவும் இல்லாததால், டிக்கெட்டில் இடைவெளிக்குப் பதில் கறுப்பாக ஒரு கட்டம் விழுந்தது. கட்டம் இருந்தால் லக்கேஜுக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் என்று வாதாடிய மிளகு மூட்டைக்காரர்களிடம் கண்டக்டர் தினமும் மல்லுக்கட்டினார்.

போன வாரம் குறிப்பு முழுக்க U+ ஏறியது. ஏற்றியது நான்தான். அதைப் பார்த்து மெஷினையும் திருத்தினார்கள்.

இன்று டிக்கெட்டைப் பார்த்ததும் பஸ்ஸிலேயே கைதட்டிவிட்டேன். கண்டக்டர் பதறிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க, டிக்கெட்டுல என்னங்க ஆச்சு?"

"ரெண்டு ஊருக்கும் நடுவுல பாருங்கண்ணா!"

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அங்க ஒண்ணுமே இல்லீங்களே?"

"அதேதானுங்கண்ணா! அதுக்குத்தான் இத்தனை நாளா சண்டை போட்டேன்!"

ஒன்றுமே இல்லாததற்காகச் சண்டை போட்டு ஜெயித்தவர்கள் வேறு யாராவது இருந்தால் கீழே கமெண்டில் வந்து கை தூக்குங்கள்.