இரண்டு மேப்பும் ஒரு ரேடியோ செட்டும்

தை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, செந்துறைக்குப் பக்கத்துக் கிராமத்தில் என் நாத்தனார் பூங்கொடியின் மகளுக்குக் காதுகுத்து. மாமனார், மாமியார் இருவரும் இப்போது இல்லை. பிறந்த வீடு என்று பூங்கொடிக்கு மிச்சம் இருப்பது என் கணவர் மட்டும்தான். குழந்தை அவர் மடியில் உட்கார வேண்டும், தோடு எங்கள் காரில் வர வேண்டும். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் ஆரம்பம். அதற்குள் போகாவிட்டால் யாராவது ஒன்றுவிட்ட மாமன் மடியில் உட்காரவைத்துவிடுவார்கள்.

தாம்பரத்தில் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. அவர் பழைய மேப் கட்சி. போகிற ஊர் டீக்கடையை எல்லாம் படம் எடுத்து அதில் ஏற்றி நட்சத்திரம் கொடுப்பார். நான் போன வருஷம் வந்த புது மேப் கட்சி. காரில் இரண்டு போனும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், இரண்டும் ஒரே சமயத்தில் பேசும். டோல்கேட் வரிசையில்கூடச் சண்டை ஓயாது.

ஒன்பதேகாலுக்குப் பெரம்பலூர். நான்குவழிச் சாலை வரைக்கும் ஒற்றுமையாக இருந்த இரண்டு மேப்பும் அங்கே பிரிந்தன. என்னுடையது அரியலூர் போய்ப் போகச் சொன்னது, அவருடையது குன்னம் வழியாக எட்டு கிலோமீட்டர் குறைவு என்றது. பொங்கல், காபி சாப்பிட்டு உடன்படிக்கை போட்டோம்: செந்துறை வரை அவர் மேப், அதன்பிறகு என்னுடையது.

குன்னம் தாண்டியதும் ரோட்டில் பாதிக்கு மக்காச்சோளம் காய்ந்தது. எந்த மேப்புக்கும் அது தெரியாது. எதிரே டிராக்டர். சோளத்தைக் கிளறிக்கொண்டிருந்த அம்மா, "மேல ஏத்திடாதீங்க சார், செத்த நில்லுங்க, தள்ளி வுடுறேன்" என்று பொறுமையாகத் தள்ளினார். இப்படி நாலு இடத்தில். என் கணவர் கடிகாரத்தையே பார்க்கவில்லை. பார்க்கப் பயந்தார் என்று எனக்குத் தெரியும்.

செந்துறை தாண்டியதும் என் முறை. ஜம்பமாக வழி சொன்னேன். ஏழாவது கிலோமீட்டரில் ரோடு ஒரு கம்பிவேலியில் முட்டிக்கொண்டு நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டிய பெரும்பள்ளம். "ரோட்ட மாத்தி ரொம்ப நாளாச்சும்மா. பள்ளம் வந்துடுச்சுல்ல" என்றார் ஒரு லாரி டிரைவர். கேலி செய்ய என் கணவருக்கு நல்ல வாய்ப்பு. ஆனால் அவர் வண்டியைத் திருப்புவதிலேயே குறியாக இருந்தார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பதினொன்றரைக்குப் பூங்கொடி அனுப்பிய லொகேஷனை அடைந்தோம். "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று இரண்டு போனும் ஒரே குரலாகச் சொன்னது பெரம்பலூருக்கு அப்புறம் அதுதான் முதல்முறை. சுற்றிலும் பார்த்தால் ஒரு தண்ணீர் டேங்க், ஒரு கருவேலங்காடு, தள்ளி ஒரு ஏரி. வீடும் இல்லை, பந்தலும் இல்லை. எங்களுக்கு முழு டவர்; அவளுக்குப் போன் போகவில்லை. "வேற யாராச்சும் மடில ஒக்கார வச்சிருப்பாங்க" என்றார் அவர். 

அப்போதுதான் கவனித்தேன், ஏரிக்கு அந்தப் பக்கம் எங்கோ ரேடியோ செட்டில், அதாவது விசேஷ வீட்டுக் குழாய் ஸ்பீக்கரில், பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று பாட்டு நின்றது. மைக்கை யாரோ தட்டினார்கள்.

"அண்ணே... அண்ணே, நான் பூங்கொடி. மாடிலேருந்து பாத்தாங்க, டேங்க் கிட்ட கார் நிக்குதாம். வூட்டுல டவர் எடுக்காதுண்ணே, அங்க வந்துதான் லொகேஷன் அனுப்புனேன். அதயே புடிச்சிகிட்டு போயிட்டியா?"

மைக்குக்குப் பின்னால் ஊரே சிரித்தது. தன் மாமனார் எதிரில் வாய்விட்டுப் பேசாத பெண் அவள்.

"ஏரிக்கரை மேலயே வா. புளியமரத்துல சோத்தாங்கை பக்கம் திரும்பு. அண்ணிய கெட்டியா புடிச்சிக்க சொல்லு, ரோடு நல்லால்ல. அவசரப்படாதண்ணே. மணி ஆனா ஆயிட்டு போவுது. ஒம் மடி இல்லாம எம் புள்ளைக்குக் காது குத்தமாட்டேன்."

என் கணவர் இரண்டு போனையும் கவிழ்த்து வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார். நானும் அழுதேன், மறைப்பானேன். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது குழந்தை அவர் மடியில் வீறிட்டு அழுதது.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: பெரம்பலூருக்கு ரயில் கிடையாது, பஸ்தான். ரயிலில் வருவதென்றால் அரியலூரில் இறங்கி செந்துறைக்கு பஸ் பிடிக்கலாம். காரில் வந்தால் தை, மாசியில் சோளத்துக்கென்று ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். செந்துறை வரை எந்த மேப்பும் போதும். அதற்கப்புறம் மனிதர்களைக் கேளுங்கள்.

சாயங்காலம் கிளம்பும்போது வீட்டு வாசலில் நின்று, சரியான இடத்தைக் குறித்துக்கொள்ளலாம் என்று ஆளுக்கொரு போனை எடுத்தோம். பூங்கொடி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"அப்ப அடுத்த தடவ நான் வழி சொல்ல வேணாமாண்ணே?"

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நானும் எதையும் குறிக்கவில்லை.